தன் தலைவலியையும் ஆய்வேட்டில் எழுதிவைத்த டாக்டர் ஆகஸ்ட் பியர்

பிரசவத்திற்காகவோ அறுவை சிகிச்சைக்காகவோ முதுகில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு ஓரிரு நாளில் ஒரு தலைவலி வரும். அது சாதாரணத் தலைவலி அல்ல. எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும். படுத்துவிட்டால் சற்று நேரத்தில் அடங்கிவிடும். பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காரக்கூட முடியாமல் தவிக்கும் தாயைப் பார்த்து, வீட்டுப் பெரியவர்கள் குளிர்ச்சி ஏறிவிட்டது என்று தைலம் தேய்ப்பார்கள். இரவெல்லாம் கண் விழித்ததால் வந்த வலி என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள்.

காரணம் தலையில் இல்லை, முதுகில் இருக்கிறது. மூளையையும் முதுகுத் தண்டுவடத்தையும் மூடியிருக்கும் உறைக்கு டியூரா என்று பெயர். அதற்குள் தெளிந்த நீர் நிறைந்திருக்கும். மூளை அந்த நீரில்தான் மிதந்துகொண்டிருக்கிறது. ஊசி அந்த உறையில் துளை போட்டுவிட்டால் நீர் மெல்லக் கசியும். நீர் குறைந்த நிலையில் நிமிர்ந்து உட்காரும்போது மூளை சற்றே கீழிறங்கி, அதைச் சுற்றியுள்ள சவ்வுகளும் இரத்தக் குழாய்களும் இழுபடுகின்றன. அந்த வலிதான் இது.

இந்த வலியை முதன்முதலில் விவரமாக எழுதிவைத்த மருத்துவர், அதை நோயாளியிடம் கேட்டு மட்டும் எழுதவில்லை. ஒன்பது நாள் தானே படுத்துக் கிடந்து எழுதினார். அவர் ஜெர்மனியைச் சேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் ஆகஸ்ட் பியர்.

1861 ஆம் ஆண்டு நவம்பர் 24 ஆம் தேதி, ஜெர்மனியின் வால்டெக் பகுதியில் உள்ள ஹெல்சென் என்ற சிற்றூரில் பியர் பிறந்தார். பெர்லின், லைப்சிக், கீல் ஆகிய நகரங்களில் மருத்துவம் படித்தார். கடைசியில் கால் ஊன்றியது வடக்கே கடலோரத்தில் உள்ள கீல் நகரில். அங்கே அவருக்கு வாய்த்த குரு ஃப்ரீட்ரிக் எஸ்மார்க். போர்க்களத்தில் முதலுதவி எப்படிச் செய்வது என்று சாதாரண மக்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பாடுபட்டவர் எஸ்மார்க். கைகால்களில் இரத்தத்தைப் பிழிந்து வெளியேற்றச் சுற்றும் ரப்பர் பட்டைக்கு இன்றும் அறுவை அரங்குகளில் அவர் பெயர்தான்.

அதே கீல் நகரில் ஹைன்ரிக் குயின்கே என்ற மற்றொரு மருத்துவரும் இருந்தார். இடுப்புக்கு நேரே முதுகெலும்புகளுக்கு இடையில் ஊசி செலுத்தி, தண்டுவட நீரைப் பாதுகாப்பாக எடுக்கும் முறையை 1891 இல் அறிமுகப்படுத்தியவர் அவர். மூளையில் நீர் அழுத்தம் கூடியவர்களுக்கு அதைக் குறைக்கவே அவர் இந்த வழியைத் தேடினார். பியர் அந்த ஊசி போகும் பாதையை வேறு கண்ணோடு பார்த்தார். நீரை வெளியே எடுக்க முடியும் என்றால், மருந்தை உள்ளே செலுத்தவும் முடியும் அல்லவா?

அந்தக் காலத்து அறுவை சிகிச்சையை நினைத்துப் பார்த்தால்தான் இந்தக் கேள்வியின் கனம் புரியும். குளோரோஃபார்ம், ஈதர் ஆகியவற்றை முகர வைத்து நோயாளியை முழுமையாக மயக்குவார்கள். கத்தி வைக்கும் முன்பே மயக்கத்தில் உயிர் போனவர்கள் உண்டு. விழித்தெழுந்து வாந்தியால் துவண்டவர்கள் ஏராளம். 1884 இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்ற இளம் மருத்துவர் கொக்கேயின் கரைசலைக் கண்ணில் விட்டு, கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து காட்டினார். ஆளை மயக்காமலே வலியை அடக்கலாம் என்ற செய்தி ஐரோப்பா முழுவதும் பரவியது. கண்ணுக்கு ஒரு சொட்டு போதும். ஒரு காலையே அறுக்க வேண்டுமானால் என்ன செய்வது? நரம்புகள் எல்லாம் புறப்படும் தண்டுவடத்துக்கே கொக்கேயினைக் கொண்டுபோவது என்று பியர் முடிவு செய்தார்.

1898 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16. கீல் மருத்துவமனையில் 34 வயதுக் கூலித் தொழிலாளி ஒருவர் படுத்திருந்தார். காசநோய் உடம்பின் பல மூட்டுகளைத் தின்றிருந்தது. கணுக்காலை அறுத்துச் சீர்செய்ய வேண்டும். முந்தைய அறுவைகளின்போது முழு மயக்கம் அவரைப் பாடாய்ப்படுத்தியிருந்ததால் மீண்டும் அதைத் தாங்கும் நிலையில் அவர் இல்லை. பியர் அவருடைய முதுகில் ஊசி செலுத்தி, 0.5 விழுக்காடு கொக்கேயின் கரைசல் 3 மில்லி, அதாவது 15 மில்லிகிராம் மருந்து செலுத்தினார். கால்கள் மரத்தன. நோயாளி விழித்திருக்கவே அறுவை நடந்தது. வலி தெரியவில்லை.

அடுத்த சில நாள்களில் மேலும் ஐந்து பேருக்கு அதே முறையில் அறுவை நடந்தது. ஆனால் அறுவை முடிந்த பிறகு நோயாளிகளில் சிலருக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தன. எதனால்? கொக்கேயினின் நஞ்சா, ஊசி போட்ட துளையா? நோயாளிகள் ஏற்கெனவே நோயால் துவண்டவர்கள். அவர்கள் உடம்பில் எது எதனால் வந்தது என்று பிரித்தறிவது கடினம். நல்ல உடல்நலம் உள்ள ஒருவருக்கு ஊசி போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அந்த ஒருவர் தானாகவே இருக்கட்டும் என்று பியர் துணிந்தார்.

ஆகஸ்ட் 24 ஆம் தேதி மாலை. பியரின் உதவியாளர் டாக்டர் ஆகஸ்ட் ஹில்டபிராண்ட் ஊசியைப் பிடித்தார். குருவின் முதுகில் ஊசி சரியாகவே இறங்கியது. அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. கொக்கேயின் நிரப்பிய சிரிஞ்சின் முனை அந்த ஊசியில் பொருந்தவில்லை. இருவரும் பொருத்தப் போராடிக்கொண்டிருந்த நேரத்தில், திறந்திருந்த ஊசி வழியாகத் தண்டுவட நீர் தாராளமாக வெளியே கொட்டியது. மருந்தின் பெரும்பகுதியும் சிந்திப் போனது. பியருக்கு உடம்பு மரக்கவே இல்லை. நீர் போனதுதான் மிச்சம்.

ஹில்டபிராண்ட் பின்வாங்கவில்லை. அதே இரவு தன் முதுகைக் காட்டினார். இம்முறை பியர் ஊசி போட்டார். 5 மில்லிகிராம் கொக்கேயின்தான் உள்ளே போனது. சில நிமிடங்களில் ஹில்டபிராண்டின் கால்கள் உணர்விழந்தன. உண்மையிலேயே வலி தெரியவில்லையா என்று பார்க்க பியர் செய்த சோதனைகளைப் படித்தால் உடம்பு கூசும். தொடையில் எலும்பு வரை ஊசி குத்தினார். எரியும் சுருட்டை காலில் வைத்து அழுத்தினார். இரும்புச் சுத்தியலால் முழங்கால் எலும்பின்கீழ் ஓங்கி அடித்தார். குடும்பப் பக்கத்தில் எழுதக் கூச்சமான வேறு சில சோதனைகளும் உண்டு. ஹில்டபிராண்ட் எதற்கும் அசையவில்லை. சுமார் 45 நிமிடங்களுக்குப் பிறகு உணர்வு மெல்லத் திரும்பியது. ஆராய்ச்சி வெற்றி என்ற களிப்பில் இருவரும் நன்றாகச் சாப்பிட்டு, ஒயின் அருந்தி, சுருட்டுப் பிடித்துவிட்டுப் படுக்கப் போனார்கள்.

ஹில்டபிராண்டுக்கு அந்த இரவே வாந்தியும் கடுமையான தலைவலியும் வந்தன. இருந்தாலும் அவர் வேலைக்குப் போனார். மரத்திருந்தபோது வாங்கிய அடிகளின் கன்றிப்போன காயங்கள் பின்னர் கால்களில் வலித்தன. பியருக்கோ மறுநாள் காலை ஒன்றும் இல்லை. எழுந்து நடைபயிற்சிக்குப் போனார். அதன் பிறகு தலை கனக்கத் தொடங்கியது. பிற்பகலில் முகம் வெளுத்தது, நாடி தளர்ந்தது. மண்டைக்குள் ஏதோ அழுத்துவது போலிருந்தது, எழுந்தால் தலை சுற்றியது. படுத்தால் எல்லாம் நின்றது. எழுந்தால் மீண்டும் வந்தது. மாலையில் படுத்தவர், ஒன்பது நாள் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தார்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கொக்கேயின் முழுவதும் உள்ளே போனவர் ஹில்டபிராண்ட். நீர் அதிகம் போனவர் பியர். படுத்தால் போய் எழுந்தால் வரும் அந்த வலி பியரைத்தான் நாள் கணக்கில் படுக்கையில் கிடத்தியது. கொக்கேயின் மட்டுமே குற்றவாளி என்றால் இப்படி நடந்திருக்காது. நீர் வெளியேறியதற்கும் தலைவலிக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். சிரிஞ்சு பொருந்தாமல் போனது அவமானமான தவறுதான். ஆனால் அந்தத் தவறுதான் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது.

1899 இல் ஜெர்மன் அறுவை சிகிச்சை ஏடு ஒன்றில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. முதுகில் கொக்கேயின் செலுத்தி அறுவை செய்யலாம் என்ற சாதனைச் செய்தியை மட்டும் எழுதியிருந்தாலே பேர் கிடைத்திருக்கும். பொருந்தாத சிரிஞ்சை மறைத்திருக்கலாம். ஒன்பது நாள் படுத்ததைப் பயணக் களைப்பு என்று விட்டிருக்கலாம். பேராசிரியர் பதவியை நோக்கிச் சென்றுகொண்டிருந்த 37 வயதுக்காரருக்கு அதற்கான ஆசை இல்லாமலா இருந்திருக்கும்? அவர் எதையும் மறைக்கவில்லை. எத்தனை மில்லி, எத்தனை நிமிடம், யாருக்கு எப்போது வலி வந்தது, எப்படிப் படுத்தால் அது போனது என்று வரிசையாக எழுதினார். நீரை இயன்ற வரை சிந்த விடக்கூடாது என்ற எச்சரிக்கையும் அதிலிருந்துதான் பிறந்தது.

ஒரு குறை மட்டும் சொல்லியாக வேண்டும். கட்டுரையில் ஆசிரியர் பெயர் பியர் ஒருவருடையதுதான். சுத்தியல் அடி வாங்கிய ஹில்டபிராண்ட் உள்ளே ஒரு பாத்திரமாக மட்டுமே வருகிறார்.

பியருக்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே, 1885 இல், நியூயார்க்கில் லெனார்ட் கார்னிங் என்ற மருத்துவர் முதுகெலும்புகளுக்கு இடையில் கொக்கேயின் செலுத்திப் பார்த்திருந்தார். அவருடைய மருந்து உறைக்குள் போனதா, வெளியே நின்றதா என்ற வாதம் ஓயவில்லை. முதல் அறுவை சிகிச்சையை இந்த முறையில் திட்டமிட்டு நடத்தியவர் பியர்தான் என்பதில் பெரும்பாலோருக்கு ஐயமில்லை. முறையை ஊர் ஊராகப் பரப்பியவரோ பாரிஸ் நகரின் தியோடர் டுஃபியே. கொக்கேயினின் நச்சுத்தன்மையை அறிந்த பியர், தன் சொந்தக் கண்டுபிடிப்பையே அவசரப்பட்டுப் பரப்பத் தயங்கினார்.

பியர் உறையை வேண்டுமென்றே குத்தினார். மருந்து உள்ளே போக வேறு வழியில்லை. இன்று ஸ்பைனல் என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் ஊசி அதுதான். எபிடூரல் என்பது வேறு. 1921 இல் ஸ்பெயின் ராணுவ மருத்துவர் ஃபிடெல் பாகெஸ் விவரித்த இந்த முறையில், ஊசி உறைக்கு வெளியிலேயே நின்றுவிட வேண்டும். அங்கே ஒரு மெல்லிய குழாயை வைத்து, பிரசவ வலி நீடிக்கும் நேரமெல்லாம் மருந்து செலுத்துவார்கள். எபிடூரல் ஊசி பருமனானது. உறைக்கும் ஊசி முனைக்கும் இடையே உள்ள தூரமோ சில மில்லிமீட்டர்தான். தாய் வலியில் நெளிந்துகொண்டிருப்பார். தேர்ந்த கைகளிலும் சுமார் நூற்றில் ஒருவருக்கு ஊசி உறையைத் துளைத்துவிடுகிறது. அப்படித் துளைபட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் பியரின் தலைவலி வருகிறது.

மருத்துவத்தில் இதற்குத் தற்செயல் டியூரா துளை என்று பெயர். முதுகெலும்பு அறுவை சிகிச்சையிலும் கத்தியோ கருவியோ பட்டு உறை கிழிவது உண்டு. இது நடந்தவுடன் மருத்துவர் செய்ய வேண்டிய முதல் வேலைகளில் ஒன்று, நடந்ததை நோயாளியின் கோப்பில் எழுதுவது. அந்த எழுத்தைப் படிக்கும் இன்னொருவர் இருக்கிறார். அவர் நோயாளியைப் பார்த்திருக்கவே மாட்டார். மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் அமர்ந்து, ஒவ்வொரு கோப்பையும் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்ணைக் கணினியில் பதிபவர்.

இந்த எண்களின் கதையும் பியரின் காலத்திலேயே தொடங்குகிறது. 1893 இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்டியோன், இறப்புக் காரணங்களுக்கான ஓர் உலகப் பொதுப் பட்டியலை முன்வைத்தார். அதில் இடம்பெற ஒருவர் இறந்திருக்க வேண்டும். 1898 இல் கீல் நகரில் படுத்துக் கிடந்த பியர் சாகவில்லை என்பதால் அவருடைய ஒன்பது நாளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. உயிரோடு இருப்பவர்களின் நோய்களையும் சேர்த்து எண் கொடுத்த உலகப் பட்டியல், அதன் ஆறாம் பதிப்பாக, உலகச் சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் 1948 இல்தான் வந்தது. நீண்ட காலமாகப் புழங்கிவரும் பத்தாம் பதிப்பு 1990 இல் ஏற்கப்பட்டது. மலேசிய, சிங்கப்பூர் மருத்துவமனைகளிலும் அந்தப் பதிப்பை ஒட்டிய எண்கள் பயன்பட்டு வந்துள்ளன.

அந்தப் பட்டியலில் பியருக்கு வந்தது எங்கே இருக்கிறது? ஜி97.0 என்றால் முதுகில் ஊசி குத்தியதால் தண்டுவட நீர் கசிதல். ஜி97.1 என்றால் அப்படிக் குத்தியதால் வரும் மற்ற விளைவுகள். பிரசவித்த தாய்க்கு வேறு எண்: முதுகு ஊசியால் வந்த தலைவலி பிரசவத்தின்போதே வந்தால் ஓ74.5, பிள்ளை பிறந்த பிறகு வந்தால் ஓ89.4. அமெரிக்கர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். உடம்பின் எந்த உறுப்பைத் தவறுதலாகக் குத்தினாலும் ஒரே பொது எண்ணில் அடைத்துவந்த வழக்கத்தை மாற்றி, டியூரா உறைக்கென்று 2008 இல் தனி எண் ஒதுக்கினார்கள். அவர்களுடைய இன்றைய பட்டியலில் அது ஜி97.41.

தலைவலி என்ற விளைவுக்கு ஓர் எண், உறை துளைபட்டது என்ற நிகழ்வுக்கு வேறு ஓர் எண். பியர் நீர் போனதையும் தலைவலியையும் தனித்தனியே எழுதிவைத்து, பிறகு இரண்டையும் இணைத்துப் பார்த்தது போலத்தான் இதுவும்.

பதிவாளருக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. அவர் ஊகிக்கக் கூடாது. எபிடூரல் போட்ட மறுநாள் தாய்க்குத் தலைவலி என்று கோப்பில் இருந்தால், அந்த இரண்டையும் அவராகவே முடிச்சுப் போட முடியாது. ஊசியால் உறை துளைபட்டது, அதனால் இந்தத் தலைவலி என்று மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால், விளக்கம் கேட்டு மருத்துவருக்குக் குறிப்பு அனுப்பலாம். பதில் வராவிட்டால் அது வெறும் தலைவலி என்ற பொதுவான எண்ணுக்குள் போய்விழும். அதன் பிறகு எத்தனை தாய்மார்களுக்கு இது நடந்தது என்று மருத்துவமனை எண்ணிப் பார்த்தால், அந்தத் தாய் கணக்கில் வரமாட்டார்.

கணக்கில் வராதது மட்டுமல்ல. வீட்டுக்குப் போன அவர் மூன்றாம் நாள் வேறு கிளினிக்குக்குப் போகலாம். கையில் கொடுத்தனுப்பிய குறிப்பில் உறை துளைபட்ட செய்தி இல்லையென்றால், அங்குள்ள மருத்துவர் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பக்கூடும். பெரும்பாலும் இந்த வலி ஓய்விலும் மாத்திரையிலும் தானே ஆறிவிடும். ஆறாதவர்களுக்குக் கைவசம் ஒரு நல்ல சிகிச்சை உண்டு. அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் கார்ம்லி 1960 இல் விவரித்தது அது. முதுகில் ஊசி குத்தும்போது இரத்தம் கசிந்தவர்களுக்குத் தலைவலி குறைவாக வருவதை அவர் கவனித்தார். நோயாளியின் கையிலிருந்தே சிறிது இரத்தம் எடுத்து, துளைக்கு அருகில் செலுத்தினார். இரத்தம் உறைந்து துளையை அடைத்தது. டயர் பஞ்சர் ஒட்டுவதைப் போலத்தான். இன்று சுமார் 20 மில்லி வரை செலுத்துகிறார்கள். நாள் கணக்கில் எழ முடியாமல் கிடந்தவர்கள் சில மணி நேரத்தில் எழுந்து உட்காருவது உண்டு. கவனிக்காமல் விட்டால், அரிதாகப் பார்வை இரட்டையாகத் தெரியலாம், மண்டைக்குள் இரத்தம் கசியலாம். துளை பட்டது என்று யாரோ எழுதிவைத்திருந்தால்தான் இதையெல்லாம் நேரத்தோடு யோசிக்க முடியும்.

அப்படியும் ஏன் சிலர் எழுதத் தயங்குகிறார்கள்? தற்செயல் என்ற சொல்லைக் கவனக்குறைவு என்று யாராவது படித்துவிடுவார்களோ என்ற அச்சம்தான். வழக்கு வருமோ, மருத்துவமனையின் பெயர் கெடுமோ என்ற நினைப்பு. குறியீட்டு எண் அப்படி எதையும் சொல்வதில்லை. உறை துளைபட்டது என்கிறது, அவ்வளவே. யார் குற்றம் என்று தீர்ப்பளிக்கும் வேலை அதற்கு இல்லை. நூறு பேரில் ஒருவருக்கு நேரக்கூடிய ஒன்றை ஒரு மருத்துவர் பல ஆண்டுகளாக ஒருமுறைகூட எழுதவில்லை என்றால், ஐயம் வரவேண்டியது அங்கேதான். எந்த முதுகெலும்பு இடைவெளியில், எந்த அளவு ஊசியில், எப்படி நீர் வந்தது, பிறகு என்ன செய்யப்பட்டது, தாயிடம் சொல்லப்பட்டதா என்ற ஐந்தாறு வரி போதும். ஒன்பது நாள் படுத்துக் கிடந்தவர் தன்னைப் பற்றி அதைவிட அதிகமாகவே எழுதினார்.

பியரின் பிற்கால வாழ்க்கை ஏற்றமும் சறுக்கலும் கலந்தது. 1899 இல் கிரைஃப்ஸ்வால்ட், 1903 இல் பான், 1907 இல் பெர்லின் என்று பேராசிரியர் பதவிகள் உயர்ந்துகொண்டே போயின. 1908 இல் அவர் இன்னொரு முறையைக் கண்டார். குரு எஸ்மார்க்கின் ரப்பர் பட்டையால் கையின் இரத்தத்தைப் பிழிந்துவிட்டு, மேலே இறுக்கிக் கட்டி, நரம்பூசி வழியாக இரத்தக் குழாயில் மருந்து செலுத்தினால் அந்தக் கை மட்டும் மரத்துப்போகும். உடைந்த மணிக்கட்டைச் சரிசெய்ய இன்றும் பயன்படும் இந்த முறைக்குப் பியர் பிளாக் என்றே பெயர். காசநோய் பிடித்த மூட்டில் இரத்தத்தைத் தேக்கி நோயைக் குணமாக்கலாம் என்று அவர் உறுதியாக நம்பிய இன்னொரு முறையோ காலத்தோடு மறைந்தது.

முதல் உலகப் போரில், சிறு சிறு குண்டுச் சிதறல்கள் வீரர்களின் மண்டையைத் துளைப்பதைப் பார்த்து, பொறியாளர் ஃப்ரீட்ரிக் ஷ்வெர்டுடன் சேர்ந்து எஃகுத் தலைக்கவசம் தேவை என்று வலியுறுத்தினார். 1916 இல் ஜெர்மன் படையின் தலையில் ஏறிய அந்தக் கவசத்தை உலகம் பிறகு வேறு காரணங்களுக்காக நினைவில் வைத்துக்கொண்டது. 1920 இல் பெர்லினில் தொடங்கிய உடற்பயிற்சி உயர்கல்விக் கழகத்தின் முதல் தலைவரும் அவரே. 1925 இல் ஜெர்மன் அதிபர் ஃப்ரீட்ரிக் எபர்ட்டுக்குக் குடல்வால் அறுவை செய்தவரும் அவர்தான். எபர்ட் பிழைக்கவில்லை. அதே ஆண்டு ஹோமியோபதியைத் திறந்த மனத்தோடு ஆராய வேண்டும் என்று எழுதி, சக மருத்துவர்களின் கடுங்கோபத்திற்கும் ஆளானார்.

ஒன்றை விட்டுவிட முடியாது. நோபல் பரிசை ஜெர்மானியர் ஏற்கக்கூடாது என்று தடுத்த ஹிட்லர், அதற்குப் பதிலாக ஏற்படுத்திய தேசியப் பரிசை 1937 இல் பியர் பெற்றுக்கொண்டார். தன் உடம்பைப் பற்றி எதையும் மறைக்காதவரின் வாழ்க்கையில் அது ஒரு கறை.

முதுமையில் அவர் மனம் முழுவதும் காட்டில் இருந்தது. 1912 இல் பெர்லினுக்குத் தென்கிழக்கே ஸாவென் என்ற ஊரில் ஒரு நிலத்தை வாங்கியிருந்தார். மணல் பூமி. பைன் மரம் ஒன்றையே வரிசை வரிசையாக நட்டு, மண்ணும் மரமும் நலிந்துபோயிருந்தன. ரப்பரோ செம்பனையோ ஒரே மரமாய் மலை முழுவதும் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. பியர் பைன் மரங்களுக்கு இடையே ஓக், பீச் போன்ற இலையுதிர் மரங்களைக் கலந்து நட்டார். காற்றைத் தடுக்கக் காட்டின் ஓரங்களில் புதர் வேலி வளர்த்தார். இலைச் சருகு மண்ணில் மக்கி, ஆண்டுக்கு ஆண்டு மண் கறுத்தது. வெவ்வேறு இயல்புடையவை சேர்ந்து நின்றால்தான் நிலைக்கும் என்ற எண்ணத்தை அவர் கிரேக்க ஞானி ஹெராக்ளிடஸிடமிருந்து எடுத்துக்கொண்டார். அந்தக் கலப்புக் காட்டைப் பார்க்க வனத்துறையினர் இன்றும் அங்கே போகிறார்கள்.

1949 ஆம் ஆண்டு மார்ச் 12 ஆம் தேதி, 87 ஆவது வயதில், பியர் ஸாவெனில் காலமானார். உயிரோடிருப்பவர்களின் நோய்களுக்கும் எண் கொடுத்த பட்டியல் வந்து அப்போது ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. தான் நட்ட மரங்களுக்கு நடுவிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.